பிளாஸ்திரியும் சருமமும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமியில், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டு ஜீவனம் நடத்தும் ஜனங்களுக்கு முள் தைத்த காயமும் அதன்மேல் ஒட்டிய பிளாஸ்திரியும் புதிதல்லவாயினும், காயம் ஆறிய பின்னரும் பிளாஸ்திரி இருந்த இடம் மாத்திரம் பட்டையாகச் சிவந்து, நீர்க்கொப்புளம் கட்டி, இரவெல்லாம் அரித்தெடுக்கும்போது, அதை வெறும் உஷ்ணம் என்று சொல்லி அனுப்பிவிடுவது நியாயமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். பழைய வெள்ளைப் பிளாஸ்திரியின் பசையில் துத்தநாகப் பொடியோடு ரப்பரும் பைன் மரப்பிசினும் சேர்வது வழக்கம். அந்தப் பிசின் சிலருடைய சருமத்துக்கு அறவே ஒவ்வாது. வெடுக்கென்று பிய்த்ததால் உண்டான எரிச்சலும், வேர்வை அடைபட்டுத் தோல் ஊறிப்போன உபாதையும் பசை நீங்கியதும் தணியத் தொடங்கும். ஒவ்வாமையோ பெரும்பாலும் ஓரிரு நாள் சென்றே தலைகாட்டி, ஒட்டிய எல்லையையும் கடந்து படர்ந்து, அதே பசை மறுபடி பட்டால் மறுபடியும் கிளம்பும். ஆகையால் அத்தகையோரின் வைத்தியச் சீட்டில் அதைத் தெளிவாகக் குறித்துவைப்பது அவசியம். அவர்களுக்குச் சல்லாத்துணியை வைத்துப் பருத்தித்துணிச் சுருளால் கட்டினால் போதும். நெசவாளர் நிறைந்த அருப்புக்கோட்டையில் துணிக்கா பஞ்சம்? பிளாஸ்திரியை எடுக்கும்போதும், முதியோரின் மெலிந்த தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, ஓரத்தில் எண்ணெய் தடவி ஊறவிட்டு, ரோமம் சாய்ந்த திசையிலேயே மெல்ல மடித்தெடுக்க இரண்டொரு நிமிஷத்துக்குமேல் பிடிக்காது. அந்த அவகாசத்தை நோயாளிக்குத் தரும்படி ஒவ்வொரு வைத்தியசாலையையும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.