இறங்கி ஏறும் மலை

மலை ஏறுகிறவர்கள் அடிவாரத்திலிருந்துதான் புறப்படுவார்கள் என்பது நமது சாதாரண எண்ணம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்னும் பிரதேசம் இருக்கிறது. அங்கே கடலோரப் பாறைகளில் ஏறும் பிரியர்கள் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள். முதலில் உச்சியிலிருந்து அலை மோதும் இடம் வரையில் இறங்குகிறார்கள். பிறகு அங்கிருந்து ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறார்கள். "இதற்கு மேலேயே உட்கார்ந்திருக்கலாமே!" என்று வாசகர்களில் சிலர் சொல்லக்கூடும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஒரு மே மாதத்தில், பொஸிக்ரன் என்னுமிடத்தில் இத்தகையவர்கள் மூவருடன் ஒரு பகல் முழுவதையும் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். மற்றொருவர் அவருடைய மனைவி. மூன்றாமவன் வைத்தியக் கல்லூரி மாணவன். நாம் ஏறியது சொற்பம், பார்த்தது அதிகம் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம்.

ஸென்னர் என்ற சிற்றூருக்கு மேற்கே, சாலையோரத்தில் பழைய வெள்ளீயச் சுரங்கம் ஒன்றின் இடிந்த கட்டடங்கள் நிற்கின்றன. சுரங்கத்தார் கணக்கு எழுதிய வீடு இப்போது பாறை ஏறுவோரின் தங்குமிடமாகிவிட்டது. அங்கிருந்து சில நிமிஷம் நடந்தால் நிலம் திடீரென்று முடிந்துபோகிறது. கீழே அட்லாண்டிக் மகாசமுத்திரம். பாறை கரடுமுரடான கருங்கல். அதில் பதிந்திருக்கும் படிகங்கள் உப்புத்தாளைப் போல் விரலைப் பிடித்துக்கொள்ளுகின்றன. மழை பெய்தாலும் கல் அவ்வளவாக வழுக்குவதில்லை. ஆனால் அதன்மேல் படர்ந்திருக்கும் பாசியினம் நனைந்தால் சோப்புக் கட்டிதான்!

காலை எட்டு மணிக்கு வெயில் பளிச்சென்று அடித்தது. ஒன்பது மணிக்கு மேற்கிலிருந்து மேகம் வந்து இருபது நிமிஷம் கொட்டித் தீர்த்தது. பத்து மணிக்கு மீண்டும் வெயில். காற்று பாறையைத் துடைத்து உலர்த்திவிட்டது. இந்த விளையாட்டில் யாரும் வியப்படையவில்லை. அங்கே சட்டைக்கு மேல் சட்டை அணிந்து புறப்படுகிறவனே விவேகி.

வானத்தைவிடக் கடலைப் பற்றித்தான் அவர்களுக்கு அதிகக் கவலை. அன்று பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். அந்நாட்களில் அக்கரையில் நீர்மட்டம் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. நண்பகலுக்குச் சற்று முன்பு நீர் மிகவும் தாழ்ந்திருக்கும் என்று கடலேற்ற அட்டவணை கூறியது. அதற்கேற்றபடி இறங்கினார்கள்.

ஆசிரியர் முன்னே ஏறினார். அவர் இடைக்கச்சில் கட்டிய கயிற்றின் மறுபுறத்தை மனைவி கீழே பிடித்திருந்தார். ஆசிரியர் ஏற ஏற, பாறை வெடிப்புகளில் சிறு உலோக ஆப்புகளைச் செருகிக் கயிற்றை அவற்றில் மாட்டிக்கொண்டே போனார். தவறி விழுந்தால் கடைசி ஆப்புத்தான் காக்க வேண்டும். பின்னால் ஏறுகிறவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். பாறையில் ஆணி ஒன்றும் மிஞ்சாது. அலையின் முழக்கத்தில் மனிதக் குரல் காதில் விழாததால், பேச்செல்லாம் கயிற்றைச் சுண்டுவதில்தான். தம்பதிகளுக்குள் இவ்வளவு சுருக்கமான சம்பாஷணையை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லாரும் உச்சியில் இருந்தோம். சிறு குடாவுக்கு அப்பால், சுமார் 200 மீட்டர் நீளமுள்ள பாறை முகடு ஒன்று கடலுக்குள்ளிருந்து எழுந்து வருகிறது. 1902-ல் ஆண்ட்ரூஸ் என்பவர் தம் சகோதரியுடன் அதில் ஏறினார். பிரிட்டிஷ் தீவின் கரை முழுவதையும், நீர் ஏறும் எல்லைக்கும் இறங்கும் எல்லைக்கும் நடுவிலுள்ள பாறைகளின் வழியாகவே சுற்றி வந்துவிட வேண்டும் என்று கனவு கண்ட மனிதர் அவர்! இரண்டாவது உலக யுத்தத்தின்போது கமாண்டோ வீரர்கள் அங்கே பயின்றதால், இன்று அதற்குக் கமாண்டோ முகடு என்று பெயர். மாணவன் காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மட்டும் கரியதாக ஒரு கோடு. ஆசிரியரின் மனைவி அந்தக் கோட்டையும், குடாவில் வெண்மையாக உடையத் தொடங்கியிருந்த அலைகளையும், கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்று வேண்டாம்" என்றார்.

"வெயில் அடிக்கிறதே!" என்றான் மாணவன்.

"மற்ற மலைகளில் மழை வந்தால் கீழே இறங்கிவிடலாம். இங்கே கீழே போனால் கடல் இருக்கிறது. திரும்புவதற்கும் ஏறித்தான் ஆக வேண்டும். ஆகையால் வேண்டுமா வேண்டாமா என்பதை இங்கேயே நின்று முடிவு செய்துவிட வேண்டும்."

மாணவன் முகம் தொங்கிப்போயிற்று. அவனுக்கு மறு வாரம் பரீட்சை. இனி எப்போது வருவானோ தெரியாது.

வாசகர்கள் எதிர்பார்ப்பதுபோல் உடனே புயல் அடித்திருந்தால் நமக்கும் எழுதச் சௌகரியமாயிருக்கும். புயல் அடிக்கவில்லை. கரிய கோடு வடக்கே விலகிப் போய்விட்டது. மாலை ஆறு மணி வரையில் வெயில் காய்ந்தது. மாணவன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். ஆயினும் நமது வோட்டு அந்த அம்மாளுக்குத்தான். இரண்டு மணிக்குத் தெரிந்த விஷயங்களை வைத்து இரண்டு மணிக்குச் செய்த முடிவை, ஆறு மணி வெயிலைக் காட்டிக் கண்டிப்பது நியாயமாகாது.

கயிறுகளைச் சுருட்டும்போது, செவ்வலகும் செங்காலும் கொண்ட இரண்டு கருங்காக்கைகள் காற்றில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு சென்றன. 1973-ல் கார்ன்வாலை விட்டு மறைந்துபோய், 2001-ல் தாமாகவே திரும்பி வந்த இனம் அது. மாணவன் அவற்றை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடலேற்ற அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் நீர் தாழ்வது ஏறத்தாழ 50 நிமிஷம் பிந்தும். "பன்னிரண்டரை மணிக்கு" என்றான். அம்மாள் தலையசைத்து, "காலையில் பார்ப்போம்" என்றார்.