பெயர் நீக்கிய பிரதி

வழு என்னும் சொல்லை நம் இலக்கண நூல்களிலிருந்து கணினித் தமிழ் எடுத்துக்கொண்டு வெகுநாளாயிற்று. நிரலில் நேரும் பிழைக்கு இன்று அதுவே பெயர். இலக்கணத்தில் ஒரு வழுவைச் சுட்ட வேண்டுமானால் தொடர் கண்முன்னே இருந்தாக வேண்டும். கணினி இயங்குதளங்களின் உலகிலோ, தொடரை அழித்துவிட்டு வழுவைத் தேடச் சொல்லும் வழக்கம் ஒன்று நெடுங்காலமாக நிலவுகிறது. அவ்வழக்கம் தகாது என்பதே என் கட்சி. இதில் இலக்கிய வாசகருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். பிரதியையும் அதைப் படிக்கும் உரிமையையும் பற்றிய கேள்வி இது. ஆகவே நமக்கும் இதில் பேச இடமுண்டு.

இயங்குதளத்தின் நடுவில் இருப்பது கெர்னல் எனப்படும் உட்கரு. நினைவகத்தைப் பங்கிடுவதும், வட்டையும் வலையையும் ஆள்வதும், பிற நிரல்களுக்கு முறைவைத்து நேரம் ஒதுக்குவதும் அதன் பணிகள். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் உட்கரு பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. எழுதுகிறவர் ஒவ்வொரு செயற்கூறுக்கும் ஒவ்வொரு மாறிக்கும் பெயரிடுகிறார். கம்பைலர் அவற்றை எந்திரத்துக்குரிய எண்களாக மாற்றுகிறது. எந்திரத்துக்குப் பெயர் வேண்டாம், முகவரி போதும். ஆயினும் எந்த முகவரி எந்தச் செயற்கூறுக்கு உரியது, அது எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து பிறந்தது என்னும் விவரங்களை, மனிதர் படிப்பதற்காகக் கம்பைலர் தனியே எழுதிவைக்க முடியும். இவையே வழுநீக்கக் குறியீடுகள்.

லினக்ஸில் எந்திரக் கோப்பின் வடிவத்துக்கு எல்ஃப் என்று பெயர். இவ்விவரங்களைத் தாங்கும் வடிவத்துக்கு டுவார்ஃப் என்று பெயர். மேலைநாட்டுப் பழங்கதைகளில் வரும் வனதேவதையும் குள்ளனும்தான் இவர்கள். வேடிக்கை என்னவென்றால், குள்ளன் பெயர் பூண்டதுதான் உருவில் பெரிது. இயக்குவதற்காகச் சுருக்கிவைத்த உட்கரு பத்துப் பதினைந்து மெகாபைட் என்றால், விவரங்களோடு கூடிய முழுக்கோப்பு பல நூறு மெகாபைட்டை எட்டும். எனவே வெளியிடும்போது அவற்றை உரித்துவிடுகிறார்கள். செயற்கூறுகளின் பெயர்களை மட்டும் லினக்ஸ் தன்னுள் வைத்துக்கொள்வதுண்டு. வரி எண்களும் மாறிகளின் இருப்பிடமும் உரித்தலோடு போய்விடுகின்றன.

இயந்திரம் ஓடும்வரை இந்த இழப்பு யாருக்கும் தெரியாது. விழும்போதுதான் தெரியும். 2005-இல் வெளிவந்த 2.6.13 பதிப்பு முதல் லினக்ஸில் ஓர் ஏற்பாட்டுக்கு வழி பிறந்தது. உட்கரு நிலைகுலைந்ததும், முன்பே ஒதுக்கிவைத்த சிற்றிடத்திலிருந்து இரண்டாவது உட்கரு ஒன்று எழுந்து, இறந்ததன் நினைவகத்தை அப்படியே படியெடுத்துக் கோப்பாக்கி வைக்கும். கேடம்ப் என்று இதைச் சொல்வார்கள். அந்தப் படியைப் பிரேதப் பரிசோதனை செய்வதற்குக் கிராஷ் என்றே பெயர்கொண்ட கருவி உண்டு. அதனிடம் குறியீடுகளுள்ள உட்கருக் கோப்பை உடன் கொடுக்காவிட்டால், வழக்கமான முறையில் அது வேலையைத் தொடங்கவே தொடங்காது.

மூலநிரல்தான் வெளிப்படையாக இருக்கிறதே, மறுபடி தொகுத்துப் பெயர்களை மீட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். பெரும்பாலும் அது கைகூடாது. கம்பைலரின் பதிப்பு மாறினாலோ, அமைவுத் தெரிவுகளில் ஒன்று மாறினாலோ முகவரிகள் இடம்பெயர்ந்துவிடும். ஒரு பதிப்பின் பக்க எண்களைக் கொண்டு தயாரித்த சொல்லடைவை வேறொரு பதிப்போடு வைத்துப் படிப்பதைப் போன்றது இது. பக்கம் இருக்கும், சொல் இருக்காது. இந்த இடர்ப்பாட்டை உணர்ந்தே, ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி அடையாள எண் பொறிக்கும் முறை 2007-இல் ஃபெடோரா லினக்ஸில் வந்தது. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் அதற்கே உரிய குறியீடுகளை வலைவழி அனுப்பிவைக்கும் டிபக்இன்ஃபோடி என்ற சேவை நிரல் 2019-இல் வெளியானது. ஆக, வழி இல்லை என்று சொல்ல இனி இடமில்லை. மனம் உண்டா என்பதே கேள்வி.

2024 ஜூலை 19 அன்று நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு புதுப்பிப்பால் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி அவை சுமார் 85 லட்சம். விமானங்கள் தடைப்பட்டன, மருத்துவமனைகள் திணறின. அம்மென்பொருள் உட்கருவுக்குள்ளேயே இயங்குவது. அது இடறினால் முழு இயந்திரமும் விழும். ஜூலை 27 அன்று மைக்ரோசாஃப்ட் தன் ஆய்வை வெளியிட்டது. அதில் காட்டப்பட்ட அழைப்பு வரிசையை நிதானித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் உட்கருவின் செயற்கூறுகள் தத்தம் பெயரோடு நிற்கின்றன. இடறிய இடமோ, சிஎஸ்ஏஜென்ட் என்ற கோப்பின் பெயரும், அதன் தொடக்கத்திலிருந்து இத்தனை தொலைவு என்ற ஓர் எண்ணுமாக மட்டும் நிற்கிறது. எல்லைக்கு அப்பால் உள்ள நினைவகத்தைப் படித்தது பிழை என்று வெளியிலிருந்தே காண முடிந்தது. 21 புலங்களை எதிர்பார்த்த இடத்துக்கு 20 மதிப்புகளே தரப்பட்டன என்ற விரிவான காரணம், ஆகஸ்ட் 6 அன்று அந்நிறுவனத்தின் அறிக்கையில் வந்தது. அவர்கள் சொன்னார்கள், அது நன்று. சொல்லாதிருந்தால்? தவறு நேர்ந்த தரப்பே சாட்சியமும் சொல்ல வேண்டியிருக்கும் நிலை எந்த வழக்குக்கும் நல்லதன்று.

மறுப்புகள் உண்டு. இடம் போதாது என்பது முதலாவது. ஒவ்வொரு கணினியிலும் வைக்கும்படி யாரும் கேட்கவில்லை; வெளியிட்டவரின் வழங்கியில் இருந்தால் போதும். தொழில் இரகசியம் என்பது அடுத்தது. மூலநிரலைப் பூட்டிவைத்திருக்கும் மைக்ரோசாஃப்டே செயற்கூறுகளின் பெயர்களைப் பொதுவில் வழங்குகிறது. உள்விவரங்களை நீக்கிவிட்டுப் பெயர்களை மட்டும் தரலாம் என்பதற்கு அதுவே சான்று. தாக்க வருபவனுக்கு வழி காட்டியதாகும் என்பது மூன்றாவது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பெயரின்மை தாக்குபவனைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. அவனுக்கு அவகாசம் நிறைய இருக்கிறது. விழுந்த இயந்திரத்தின் முன் நிற்பவருக்குத்தான் அது இல்லை.

நான்காவது மறுப்பு கனமானது. நினைவகப் படியில் கடவுச்சொற்களும் நோயாளிகளின் குறிப்புகளும் அந்தரங்கக் கடிதங்களும் கிடக்கக்கூடும். அதைப் பிறர் படிப்பது ஆபத்து. முற்றிலும் உண்மை. அதனாலேயே குறியீடுகள் பொதுவில் இருக்க வேண்டும் என்கிறேன். அவை நிறுவனத்திடம் மட்டும் இருந்தால், மருத்துவமனை தன் நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய படியைத் தூக்கி நிறுவனத்திடம் கொடுத்தாக வேண்டும். பொதுவில் இருந்தால், படியை வீட்டை விட்டு வெளியே அனுப்பாமல் தன் கூரையின் கீழேயே படித்துக்கொள்ளலாம்.

ஆகவே உட்கருவுக்குள் இயங்கும் எதையும் விலைகொடுத்து வாங்கும் வங்கியும் மருத்துவமனையும் அரசுத் துறையும், ஒவ்வொரு பதிப்பின் குறியீடுகளும் தமக்குக் கிடைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு விதியாகவே எழுதிக்கொள்ள வேண்டும். தாமே உட்கருவைத் தொகுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் எளிய கடமை: உரிப்பதற்கு முன் உள்ள கோப்பை, அடையாள எண்ணோடு, அந்தப் பதிப்பு எங்கேனும் ஓடிக்கொண்டிருக்கும் நாள்வரை அழிக்காமல் வைத்திருப்பது.