பிடிக்கு ஒதுக்கவேண்டிய பணம்

வளைகுடா நாடுகளில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்துடன் ஊர் திரும்பும் ஒருவரோ, தொழில்நுட்பக் கல்லூரியில் சான்றிதழ் பெற்று வெளிவரும் ஓர் இளைஞரோ, கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நம் கரையோர ஊர்களில், வீட்டு வளவின் ஒரு மூலையில் தகரக் கூரையிட்டு, சிறியதொரு லேத்தும் அதன் பக்கத்தில் ஒரு மில்லிங் யந்திரமும் நிறுத்தி ஜீவனம் நடத்த எண்ணும்போது, அவருடைய சிந்தனை முழுவதும் யந்திரத்தின் நீளத்திலும் எடையிலும் மோட்டாரின் குதிரைச் சக்தியிலுமே நிலைத்துவிடுகிறது. கைமுதல் முழுவதையும் அதிலே கொட்டிவிட்டு, வேலைப்பொருளையும் வெட்டும் கருவியையும் பிடித்துக்கொள்ளும் சாதனங்களுக்கு மிச்சம் மீதியை ஒதுக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் நஷ்டத்துக்கே ஏதுவாகும் என்பதும், யந்திரம் ஓர் அளவு சிறியதாயிருப்பினும் பிடிக்குரிய பணத்தை முதலிலேயே தனியாக எடுத்துவைப்பதே விவேகம் என்பதும் இக்கட்டுரையின் பக்ஷம்.

இத்தகைய சிறு பட்டறைகளின் அவசியத்தை நாம் அநுபவத்தால் அறிந்திருக்கிறோம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி வற்றி, உதிரிப்பாகங்களின் இறக்குமதி தடைப்பட்டபோது, புதிதாக வாங்கி மாட்டும் பழக்கத்தை விட்டுத் தேய்ந்ததைக் கடைந்து சீராக்கும் வழிக்குப் பலரும் திரும்ப நேர்ந்தது. மருதமுனைக் கைத்தறிகளுக்கு வேண்டிய மெல்லிய தண்டுகள், சம்மாந்துறை நெல் ஆலைகளின் புஷ்கள், வயலுக்கு நீர் இறைக்கும் பம்பின் அச்சு, கடற்றொழிலாளரின் தோணி எஞ்சினுக்குரிய சிறு பாகங்கள் ஆகிய இவற்றுள் பெரும்பாலானவை 20 மில்லிமீற்றருக்கு உட்பட்ட விட்டமுடையவை. அவற்றில் எதிர்பார்க்கப்படும் நுட்பமோ மில்லிமீற்றரின் நூற்றில் சில பங்கு. இந்த அளவை எட்டுவதற்குப் பெரிய மோட்டார் உதவாது. பொருள் தன் மையத்திலேயே சுழலும்படி பிடிக்கப்படுவதே உதவும்.

லேத்துடன் வழக்கமாக வரும் மூன்று தாடைச் சக், உள்ளே இருக்கும் சுருள்தட்டு ஒன்றினால் மூன்று தாடைகளையும் ஒருங்கே நகர்த்துவது. அது வேகமானது, சௌகரியமானது. ஆனால் சுருள் தேயத் தேய, பொருளின் மையம் யந்திரத்தின் மையத்தினின்று மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குவரை விலகுவது சாதாரணம். நான்கு தாடைகளையும் தனித்தனியே நகர்த்தும் சக்கில், டயல் கேஜின் முள்ளைப் பார்த்துப் பார்த்துத் திருகுபவனுடைய பொறுமை எவ்வளவோ அவ்வளவு நுட்பம் கிட்டும். மூன்றாவது வழி கொலெட். இது கூம்பாகக் கடைந்து சாணையிட்ட உருக்குக் குழல். இதில் முன்னிருந்தும் பின்னிருந்தும் மாறி மாறிப் பிளவுகள் அறுக்கப்பட்டிருக்கும். நட்டை முறுக்கும்போது கூம்புக்குள் அமுக்கப்பட்டு, குழல் முழுவதும் ஒரே சீராகச் சுருங்கிப் பொருளைச் சுற்றிவரப் பற்றுகிறது. மூன்று விரல்களால் கிள்ளிப் பிடிப்பதற்கும் உள்ளங்கை முழுவதாலும் பற்றுவதற்கும் உள்ள வேறுபாடு மூன்று தாடைச் சக்குக்கும் கொலெட்டுக்கும் உண்டு. நல்ல தரமுள்ள கொலெட்டில் மைய விலகல் மில்லிமீற்றரில் 0.01 முதல் 0.02 வரைதான் இருக்கும். பளபளப்பாகக் கடைந்து முடித்த தண்டில் தாடையின் தழும்பும் விழாது.

மில்லிங் யந்திரத்தைப் பொறுத்தவரை இதில் விவாதத்துக்கே இடமில்லை. கையிலிருக்கும் ட்ரில் சக்கிலேயே கட்டரைப் பொருத்திப் பள்ளம் வெட்ட முயல்வோர் உண்டு. துளையிடும்போது விசை அச்சின் வழியே மேல்நோக்கி வருகிறது. அதைத் தாங்கவே ட்ரில் சக் உண்டாயிற்று. மில்லிங்கில் விசை பக்கவாட்டில் மோதுவதுடன், கட்டரின் முறுக்குப் பற்கள் திருகாணியைப் போல் கட்டரையே கீழ்நோக்கி இழுக்கவும் செய்கின்றன. கட்டரின் காம்போ கடினமாக்கப்பட்டு வழுவழுப்பானது. மூன்று சிறிய தாடைகளால் அதைத் தடுத்துநிறுத்த முடிவதில்லை. ஆகவே 2 மில்லிமீற்றர் ஆழத்தில் தொடங்கிய பள்ளம் மறுமுனையை அடையும்போது இரண்டரையாகிவிடுகிறது. சில வேளைகளில் அதிர்ச்சியினால் சக்கே தன் கூம்பினின்று கழன்று விழுவதும் உண்டு. ஆதலால் மில்லிங் யந்திரம் வாங்குபவர், அதே நாளில் ஒரு கொலெட் பிடியையும், 6, 8, 10, 12 மில்லிமீற்றர் கட்டர்களுக்கு வேண்டிய நான்கு கொலெட்டுகளையும் வாங்கியே ஆகவேண்டும்.

லேத்தின் விஷயம் வேறு. "காக்கா, கொலெட் செட் எடுத்தா நாலு தாடைச் சக் தேவையில்லதானே?" என்று கேட்கும் இளைஞருக்கு, "தம்பி, முதல்ல நாலு தாடைச் சக்கை எடுங்க" என்றே அநுபவசாலிகள் விடையளிப்பர். அந்த விடை நியாயமானது. நம் பட்டறைகளில் கையாளப்படும் இரும்பில் பெரும்பகுதி பழைய அச்சுகளும் கறுப்புக் கம்பிகளும் உடைந்த வார்ப்புத் துண்டுகளுமே. வட்டம் பிசகிய, செதில் படிந்த இப்பொருள்களைக் கொலெட்டில் நுழைப்பது அதன் உட்சுவரைக் கெடுப்பதாகவே முடியும். கொலெட்டின் முழு நீளத்துக்கும் பொருள் உள்ளே செல்லவேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. முன்பாதியில் மட்டும் குட்டையான துண்டைப் பிடித்தால் கொலெட் வாய் கோணிவிடும் என்பதால், அதே விட்டமுள்ள மற்றொரு துண்டைப் பின்னால் செருகிக்கொள்ள வேண்டும். எனவே நான்கு தாடைச் சக்கும் டயல் கேஜும் முதலில், கொலெட் அடுத்ததாக என்னும் வரிசையே லேத்துக்குப் பொருத்தமானது. ஆனால் ஒரே அளவில் ஐம்பது புஷ் கடைய வேண்டியவர், ஒவ்வொன்றுக்கும் நான்கு தாடைகளைத் திருகிக்கொண்டிருப்பாரேயாகில், அவருடைய பகற்பொழுது திருகுவதிலேயே கழிந்துவிடும். அடுத்த முதலீடு கொலெட்டாக இருக்கவேண்டும் என்பதற்கு அதுவே போதிய காரணம்.

எந்த வகைக் கொலெட் என்னும் கேள்விக்கு, இரு யந்திரங்களுக்கும் பொதுவான ஒன்று என்பதே என் விடை. 5 சி வகை லேத்துக்கென்றே வளர்ந்த உத்தமமான சாதனம்; சதுர, அறுகோணக் கம்பிகளுக்கும் அதில் கொலெட் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு கொலெட்டும் தன் பெயரளவினின்று மிகச் சிறிதே சுருங்குவதால் பற்பல கொலெட்டுகள் தேவைப்படும். வீட்டு லேத்தின் குறுகிய சுழல்தண்டுக்குள் அது நுழைவதுமில்லை. மோர்ஸ் கூம்பில் நேரடியாகச் செருகும் கொலெட் மலிவானது; எனினும் பின்னிருந்து இழுத்துப்பிடிக்கும் நீண்ட போல்ட் சுழல்தண்டின் துளையை அடைத்துவிடுவதால் நீளக் கம்பியை ஊடே செலுத்த இயலாது. சுவிட்சர்லாந்தின் ரெகோ-பிக்ஸ் நிறுவனத்தார், முன்னிருந்த ஈ வகைக் கொலெட்டைச் செம்மைப்படுத்தி 1970களில் அறிமுகம் செய்த ஈ.ஆர். வகையோ, பின்னர் டி.ஐ.என். 6499 என்னும் ஜெர்மானிய நியமத்துள் அடங்கியதால், பல தேசத்து உற்பத்தியாளரின் சரக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. இதில் ஈ.ஆர். 32 அளவில் ஒவ்வொரு கொலெட்டும் 1 மில்லிமீற்றர் வரை சுருங்குமாதலால், 18 கொலெட்டுகள் கொண்ட ஒரு தொகுதி 2 முதல் 20 மில்லிமீற்றர் வரை இடைவெளியின்றிப் பிடிக்கும். மில்லிங் யந்திரத்தில் அதன் கூம்புக்கேற்ற காம்புடைய பிடியும், லேத்தில் நடுவே துளையுள்ள தட்டுவடிவச் சக்கும் இருந்தால், அதே தொகுதி இரண்டுக்கும் உழைக்கும். சதுரமாகவும் அறுகோணமாகவும் கிடைக்கும் கொலெட் கட்டைகளைச் சேர்த்துக்கொண்டால், கடைந்த பொருளைப் பிடித்து மில்லிங் வைஸில் கட்டையோடு திருப்பித் திருப்பி வைத்து, நான்கு முகமோ ஆறு முகமோ வெட்டிவிடலாம். விலையுயர்ந்த பங்கீட்டுத் தலை இல்லாமலே போல்ட் தலைகளைச் செய்யும் வசதி இதனால் கிடைக்கிறது.

வாங்கியதைக் கையாளும் முறையும் வாங்குவதைப்போலவே முக்கியம். சுழல்தண்டின் உட்கூம்பையே முதலில் டயல் கேஜால் சோதிக்கவேண்டும். அங்கே ஆட்டம் இருந்தால் எந்தக் கொலெட்டும் அதைத் தீர்க்காது. லேத்துக்குரிய சக்கின் பின்தட்டை அந்த லேத்திலேயே கடைந்து பொருத்தவேண்டும். கொலெட்டைக் குழிக்குள் போட்டுவிட்டு மேலே நட்டைத் திருகுவது தவறு. கொலெட்டைச் சற்றே சாய்த்து, நட்டின் உள்ளேயுள்ள மையம் பிசகிய வளையத்தில் மாட்டி, 'க்ளிக்' என்று அது அமர்ந்த பிறகே இரண்டையும் சேர்த்து ஏற்றவேண்டும். இல்லாவிடில் நட்டைக் கழற்றும்போது கொலெட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், பிடியும் கோணலாகும். உப்புக் காற்று வீசும் நம் கரையில் சாணையிட்ட உருக்கு விரைவில் துருவேறும். கூம்பின்மேல் எழும் ஒரு துருப்பொட்டும், பிளவுக்குள் தங்கும் ஓர் இரும்புத் துகளும், விலைகொடுத்து வாங்கிய நுட்பத்தைப் பாழாக்கப் போதுமானவை. மாலையில் துடைத்து எண்ணெய் பூசி மூடிய பெட்டியில் வைப்பதை யந்திரத்தின் பராமரிப்பிலேயே ஓர் அங்கமாகக் கொள்ளவேண்டும்.

ஆகவே, புதிதாகப் பட்டறை தொடங்குவோருக்கும், அவர்களுக்குப் பணம் கொடுக்கும் வாப்பாமாருக்கும், பயிற்சியளிக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்லத்தக்கது இதுவே: யந்திரத்தின் விலையைப் பேசும்போதே பிடியின் விலையையும் சேர்த்துப் பேசுங்கள், இரண்டுக்கும் பணம் போதாதெனில் யந்திரத்தில் ஓர் அளவைக் குறையுங்கள். சிறிய லேத்தில் மையம் பிசகாமல் கடைந்த புஷ்ஷைத் தேடி வாடிக்கையாளர் மறுமுறையும் வருவார். பெரிய லேத்தில் கடைந்தது ஆலையில் பொருந்தாமற் போனால், அதன் மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்று அவர் கேட்கப்போவதில்லை.