குரூக் மொழிக்கும் ஒரு கொல்லம் வேண்டும்

1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழி ஒன்றின் எழுத்திலேயே வெளிவந்த முதல் அச்சு நூல் என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரின் அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைப் பரதவர் பணம் திரட்டித் தந்தனர் என்பதை மட்டும் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இன்று அதே தேவையோடு நிற்பது குரூக் மொழி. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களில் ஒராவோன் மக்கள் பேசும் இது, தமிழுக்கு உறவு மொழி. பல்லை அவர்களும் ‘பல்’ என்றே சொல்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி இதைப் பேசுவோர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். ஆயினும் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இதற்கு இடமில்லை. 1885இல் சோட்டாநாக்பூர் வந்த லீவன்ஸ் அடிகளார் காலந்தொட்டு இம்மக்களுள் பெருந்தொகையினர் நம் திருச்சபையினர். 2003இல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட தெலஸ்போர் டோப்போ ஆண்டகையும் ஒராவோனே.

நாராயண் ஒராவோன் என்னும் மருத்துவர் இம்மொழிக்கென வகுத்த ‘தோலோங் சிக்கி’ எழுத்து, 2025 செப்டம்பரில்தான் கணினிக்குரிய ஒருங்குறித் தரத்தில் இடம்பெற்றது. அது திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் ஏறியதற்கு ஒப்பாகும்; பிள்ளையை வளர்ப்பது இனிமேல்தான். அத்தரத்துக்கேற்ற எழுத்துருக்கள், விசைப்பலகை, அகராதி, பிழைதிருத்தி, எழுத்துப்படியோடு கூடிய ஒலிப்பதிவுகள் யாவும் பெருக வேண்டும். தேவநாகரியிலும் குரூக் எழுதப்படுவதால், ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் கருவியும் வேண்டும். இலாபம் தராத மொழிக்குச் சந்தை இவற்றைச் செய்து தராது.

“அவர்களுக்குத்தான் இந்தி தெரியுமே” என்கின்றனர் நம்முள் சிலர். தமிழர் வாயிலிருந்து இச்சொல் வருவதே வெட்கம்! நமக்கு ஒவ்வாத நியாயம் அவர்களுக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? பெந்தக்கோஸ்து நாளில் எருசலேமில் கூடியிருந்தோர் பலருக்குக் கிரேக்கம் தெரிந்திருக்கும். ஆயினும் தூய ஆவியார் அவரவர் தாய்மொழியிலேயே கேட்கச் செய்தார்.

கணினித் துறையில் ஊதியம் பெறும் இளைஞர் இல்லாத பங்கு இன்று அரிது. அவர்களது திறமையை இதற்குக் கேட்போம். ஆனால் உதவி என்னும் பெயரில் அம்மக்களின் குரலை அள்ளி வரும் உரிமை நமக்கில்லை. நியூசிலாந்தில் தெ ஹிக்கு என்னும் மாவோரி ஊடக நிறுவனம் 2018இல் பத்தே நாள்களில் 300 மணி நேரத்துக்கும் மேலான பேச்சைத் தன் மக்களிடம் திரட்டியது; அப்பதிவுகளை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்க மறுத்தது. அவ்வாறே, எது வேண்டும், எது யாரிடம் இருக்க வேண்டும் என்பதை ஒராவோன் ஆசிரியர்களும் பெரியோரும் தீர்மானிக்கட்டும். நாம் தர வேண்டியவை உழைப்பும் பணமுமே. அடுத்த திருவிழாவின் வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை இதற்கு மாற்ற முன்வரும் பங்குப் பேரவை எது?