பாயும் குண்டின் வேகம்

துப்பாக்கிக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் பாய்கிறது. நாம் ஒருமுறை கண்ணிமைப்பதற்குள் அது 200 மீட்டரைக் கடந்துவிடும். இத்தகைய வேகத்தை மனிதன் எவ்விதம் அளந்தறிகிறான் என்பதை இம்மாதம் காண்போம்.

பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிதத்தால் ஆராய முற்பட்டவர்களுள் முன்னோடி இத்தாலியரான தார்த்தாலியா. 1512-இல் பிரெஞ்சுப் படை பிரேசியா நகரைச் சூறையாடியபோது, பேராலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சிறுவனாகிய அவர் முகத்தில் வாள்வெட்டுப்பட்டார். அதனால் விளைந்த திக்குவாயே அவருக்குப் பெயராயிற்று. மாந்தரைக் கொல்லும் கலையைச் செம்மைப்படுத்துவது பாவம் என்றெண்ணித் தம் ஆய்வுத்தாள்களை எரித்ததாக அவரே எழுதியுள்ளார். பின்னர் துருக்கியர் படையெடுப்பின் அச்சம் சூழவே, மனம் மாறி, 1537-இல் தம் நூலை வெளியிட்டார். அவர் மனத்தில் நிகழ்ந்த அப்போராட்டம் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தீர்ந்தபாடில்லை. ஆயுதப் போட்டி ஏழைகளையே பெரிதும் வருத்துகிறது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் எச்சரித்தது.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். கம்பிச்சுருளினூடே செல்லும் காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்சாரம் தோன்றும் என்பது 1831-இல் ஃபாரடே கண்ட உண்மை. குண்டு செல்லும் வழியில் இரண்டு சுருள்களையும் அவற்றருகே காந்தங்களையும் அமைக்கின்றனர். உலோகக் குண்டு கடக்கையில் புலம் குலைந்து, ஒவ்வொரு சுருளிலும் ஒரு மின்துடிப்பு எழுகிறது. சுருள்களுக்கு இடையேயுள்ள தூரத்தை, இரு துடிப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தால் வகுத்தால் வேகம் கிட்டும். இரும்புக் குண்டுதான் வேண்டுமென்பதில்லை. விரைந்து செல்லும் அலுமினியத்திலும் சுழல்மின்னோட்டம் உண்டாகிப் புலத்தைக் குலைக்கும்.

ஒளிக்கதிரை மறித்து அளக்கலாமே எனின், குண்டோடு பீறிட்டு வரும் ஒளிரும் வாயு அதனைக் குழப்பக்கூடும். காந்தமோ குண்டைத் தொடுவதுமில்லை, வெளிச்சத்துக்கு மயங்குவதுமில்லை.

ஹைட்ரஜன் போன்ற இலேசான வாயுவை இறுக்கிச் சுடும் ஆய்வுக்கூடத் துப்பாக்கிகளில் குண்டு நொடிக்கு 7 கிலோமீட்டர் பாய்கிறது. ஒரு மீட்டரைக் கடக்க நொடியின் ஏழாயிரத்தில் ஒரு பங்கே ஆகும்! இத்துப்பாக்கிகளால் விண்கலங்களின் கேடயங்களைச் சோதிக்கின்றனர். முன்னே ஒரு மெல்லிய தகடு. மோதும் துகள் அதில் சிதறிப் பரவ, பின்சுவர் தப்புகிறது. விப்பிள் என்னும் அமெரிக்கர் 1947-இல் கூறிய உபாயம் இது. சோதனையில் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் கணித்தாலும், மோதும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு தவறிவிடும். அக்கணக்கை நம்பியே மனிதர் விண்ணில் வாழ்கின்றனர்.

1986-இல் இத்தகைய கேடயம் தாங்கிய ஐரோப்பிய விண்கலமொன்று, நொடிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் ஹாலி வால்மீனை நெருங்கிக் கடந்தது. துகள்கள் தாக்கியும் கலம் பிழைத்தது. அதன் பெயர் ஜோத்தோ. பாதுவா நகரச் சிற்றாலயத்தில், ஞானியர் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சிக்கு மேலே வால்மீனைத் தீட்டிய ஓவியரின் பெயர் அது.