பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் கணினி மையங்களில் ஒரே காட்சிதான். அப்பாவின் கையில் சான்றிதழ்கள் அடங்கிய பிளாஸ்டிக் கவர். முன்பின் தெரியாத ஒருவர் விண்ணப்பத்தை அவசரமாக நிரப்புகிறார். நான்கு ஆண்டுகள் படிக்கப்போகும் மாணவியோ ஓரமாக நிற்கிறாள். இது மாற வேண்டும்.

பொறியியல் சேர்க்கையின் கணக்கு எளியது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்-ஆஃப். இணையவழிக் கலந்தாய்வில் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் எந்த வரிசையில் பதிகிறோமோ, அந்த வரிசையிலேதான் இடம் பரிசீலிக்கப்படுகிறது. வரிசை பிசகினால், மதிப்பெண் இருந்தும் விரும்பிய இடம் கைநழுவும். எனவே பெற்றோரே, பிள்ளையோடு அமர்ந்து, முந்தைய ஆண்டின் கட்-ஆஃபையும் விடுதிச் செலவையும் பார்த்து, அந்தப் பட்டியலை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். முதல் பட்டதாரிச் சான்றையும், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு வேண்டிய ஆவணங்களையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மருத்துவப் படிப்புக்காக நீட் எழுதும் பிள்ளைக்கு 720 மதிப்பெண் என்ற எண்ணே பெரும் பாரம். அதன்மேல் பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணையும் ஏற்றாதீர்கள். தேர்வு பயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் ஒதுங்கினால் தயங்காமல் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

படிக்காத பெற்றோரைத் தனியே விடுவது நியாயமல்ல. ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் சேர்க்கைக் காலம் முடியும்வரை வழிகாட்ட ஓர் ஆசிரியர் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும்.