ஏழு நாடு, பத்து நாள், ஒரே ஒரு டிரைவர்

கொல்லிமலை செம்மேட்டில், வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மேற்கு ஐரோப்பாவுக்கு ரூட் போட்ட முதல் கோஷ்டி அனேகமாக நாங்களாகத்தான் இருப்போம். கிளாஸ் பசங்க ஐந்து பேர். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, ரெண்டு வருஷம் காசு சேர்த்து, அப்புறம் போகிற டிரிப். அதனாலென்ன, பிளான் இப்போதே ரெடி. எங்களில் ஒருவனுடைய அக்கா நெதர்லாந்தில் இருக்கிறார். அங்கே இறங்கி, கார் வாடகைக்கு எடுத்து, சுற்றிவிட்டுத் திரும்புவது. அவனே எக்செல் ஷீட்டும் போட்டு போனில் வைத்திருந்தான்.

ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், லக்ஸம்பர்க், ஸ்ட்ராஸ்பர்க், ஜூரிக், மிலன், நீஸ், பார்சிலோனா, அங்கிருந்து நேராகத் திரும்ப ஆம்ஸ்டர்டாம். ஏழு நாடு, பத்து நாள். கூட்டிப் பார்த்தால் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. பார்சிலோனாவிலிருந்து திரும்புவது மட்டும் ஆயிரத்து ஐந்நூறு. சென்னையிலிருந்து மும்பை போவதைவிட அதிகம். அந்தக் கட்டத்தில் பையன் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: "ஓவர்நைட் டிரைவ்".

ஐந்து பேரில் லைசென்ஸ் இருப்பது இரண்டு பேரிடம். ஒருவன் ஷீட் போட்டவன். இன்னொருவன் அடியேன். என்னுடையது டூவீலர் லைசென்ஸ், ஓட்டுவது டிவிஎஸ் எக்ஸ்எல் :-)

இதே ஆள்தான் அன்று காலை கொல்லிமலைக்கும் பிளான் போட்டவன். "நாமக்கல்ல இருந்து செம்மேடு அம்பத்தஞ்சு கிலோமீட்டர்டா, ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா ஒண்ணேகால்." சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வரை கணக்குச் சரியாகத்தான் இருந்தது. காரவள்ளி அடிவாரத்தில் முதல் போர்டு வந்தது: கொண்டை ஊசி வளைவு 1/70. அந்த எழுபதைக் கடந்து மேலே ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பேர் வாந்தி எடுத்து, ஒருவன் இனிமேல் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி, செம்மேடு சேர்ந்தபோது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. ஓட்டியவனுக்கு டீ கிளாஸைப் பிடிக்கும்போது கை லேசாக நடுங்கியது. அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். நான் பார்த்தேன்.

அந்தக் கையோடுதான் ஐரோப்பா ஷீட்டைத் திறந்தான். எனக்கு அப்போது தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீண்ட பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் கிலோமீட்டரை எண்ணுகிறார்கள். அதைவிட மோசம், நாடுகளை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது ஸ்டியரிங் பிடிக்கிறவன் விழித்திருக்கும் நேரத்தை. ஷீட்டில் தேதி இருந்தது, ஊர் இருந்தது, தூரம் இருந்தது, பார்க்க வேண்டிய இடம் இருந்தது. தூக்கத்துக்கு ஒரு காலம்கூட இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் அப்பா நேஷனல் பர்மிட் லாரி ஓட்டுகிறவர். நாமக்கல் பக்கத்தில் இது பெரிய அதிசயம் இல்லை. பாடி கட்டுவது, லாரி வைத்திருப்பது, லாரி ஓட்டுவது, இந்த மூன்றில் ஒன்று இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு. பக்கத்துத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட நாடு முழுக்கப் போகின்றன. எல்லை தாண்டும் நெடும்பயணம் பற்றி யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் டிராவல் சேனல்காரர்களைவிட எங்கள் ஊர் டிரைவர்களைக் கேட்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் ஒவ்வொரு மாநில எல்லையிலும் வரிச் செக்போஸ்ட். பில்லைக் காட்டி, சீல் வாங்கி, வரிசையில் நின்று நகர வேண்டும். ஒரு தடவை அப்பா வடக்கே ஒரு லோடு ஏற்றிப் போனபோது ஒரு எல்லையில் முக்கால் நாள் நின்றுவிட்டது வண்டி. லோடு இறக்க வேண்டிய நேரம் மட்டும் மாறவில்லை. எல்லையில் போன நேரத்தை எங்கிருந்து எடுப்பது? தூக்கத்திலிருந்துதான். விடியற்காலை நாலு மணிக்குக் கிளீனர் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்ததால் நாங்கள் இன்றைக்கு அப்பாவோடு இருக்கிறோம். அப்பா இதை வீட்டில் சொன்னது நாலைந்து வருஷம் கழித்து. அதுவும் சிரித்துக்கொண்டே. அம்மா சிரிக்கவில்லை.

ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிச் செக்போஸ்ட்டுகள் போயின. 2018 ஏப்ரலிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. நியாயமாகப் பார்த்தால் மிச்சமான நேரம் டிரைவரின் தூக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். "அது எங்க கண்ணு, அந்த நேரத்துக்கும் சேத்து இன்னொரு லோடு போட்டுட்டாங்க" என்றார்.

எங்கள் ஷீட்டில் நடந்திருப்பதும் அச்சு அசல் இதேதான்.

ஐரோப்பாவில் எல்லை எப்படி? 1985 ஜூன் 14 அன்று பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் என்ற சின்ன ஊரில், மொசெல் ஆற்றில் நின்ற ஒரு படகில் வைத்து ஒப்பந்தம் போட்டன. 1995 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் பல நாடுகள் சேர்ந்தன. ஒரு நாடு முடிந்து இன்னொன்று தொடங்குவதை ஒரு நீலப் போர்டும், போனில் வரும் ரோமிங் மெசேஜும்தான் சொல்லும். (2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டு வந்ததையும் கணக்கில் வையுங்கள். போகிற நேரத்தில் நிலவரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.) எல்லையில் நிற்க வேண்டியதில்லை என்றதும் நம் ஆள் என்ன செய்தான்? மிச்சமான நேரத்தில் இன்னும் நாலு நாட்டைத் திணித்துவிட்டான். லாரி ஓனருக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி டிரைவருக்கு 2006ல் போட்ட ஒழுங்குமுறை ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும். வண்டியில் இருக்கும் டேக்கோகிராஃப் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்யும், ஏமாற்றினால் அபராதம். நம் நாட்டிலும் 1961ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம் என்றுதான் சொன்னது. அந்த எட்டு மணி நேரத்தை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததாகச் சொன்னதில்லை.

இந்த விதி வாடகைக் காருக்குக் கிடையாது. ஆனாலும் நம் ஷீட்டை அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். பார்சிலோனா - ஆம்ஸ்டர்டாம் நிற்காமல் ஓட்டினாலே பதினைந்து மணி நேரத்துக்கு மேல். அதையே தொழிலாக வைத்திருக்கும் டிரைவருக்கு அங்கே அது இரண்டு நாள் வேலை. நம் பையன், வாழ்க்கையில் முதல் தடவையாக ரோட்டின் வலது பக்கம் ஓட்டப் போகிறவன், ஒன்பது நாள் அலைந்த உடம்போடு, பின் சீட்டில் நாலு பேர் குறட்டை விட, அதை ஒரே ராத்திரியில் முடிப்பானாம்.

ரோடு நன்றாக இருக்குமே என்பான். இருக்கும். ஆனால் ஆல்ப்ஸ் மலையும் மலைதான். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் ஒரு பக்கம் ஏறச் சுமார் 24 கிலோமீட்டரில் 48 கொண்டை ஊசி. கொல்லிமலையில் கிட்டத்தட்ட அதே தூரத்துக்குள் எழுபது. (காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!) உயரம் மட்டும் 2757 மீட்டர், நம்முடையதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். குளிர்காலம் முழுக்கப் பனியால் மூடிவிடுவார்கள். மேப்பில் கோடு இருக்கும், ரோடு இருக்காது.

இன்னொரு விஷயம். நமக்கு உண்மையான எல்லை ரோட்டில் இல்லை, கிளம்புவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் ஷெங்கன் விசா விண்ணப்பிக்க வேண்டும். எல்லா இடத்திலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. ஏழு நாட்டில் ஒவ்வொரு நாள் என்று ஷீட்டைக் கொண்டுபோய் நீட்டினால் விசா அதிகாரிக்கும் தலை சுற்றும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். 2024 ஜூனிலிருந்து விசாக் கட்டணம் 90 யூரோ. நம் ஊர் ஆர்டிஓ ஆபீஸில் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் வாங்க வேண்டும், ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழே என்றால் வாடகைக் கார் கம்பெனிகள் பெரும்பாலும் கூடுதல் காசு கேட்கும், டிரைவர் பேரில் கிரெடிட் கார்டும் கேட்கும். எந்தெந்த நாட்டுக்குள் வண்டி போகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் வில்லை. ஒரு மணி நேரம் ஓட்டினாலும் வருஷக் கட்டணம்தான். இத்தாலி ஊர்களில் பழைய நகரத்துக்குள் வெளி வண்டி நுழையக் கூடாத பகுதிகள் உண்டு. கேமரா படம் எடுக்கும், அபராதக் கடிதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும். ஒவ்வொரு நாடு கூடும்போதும் இந்தப் பட்டியலும் நீளும்.

நண்பனின் பதில் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அழுவான். "டேய், இவ்வளவு செலவு பண்ணி, இவ்வளவு பேப்பர் குடுத்து ஒரு தடவ போறோம். மறுபடி விசா கிடைக்குமோ கிடைக்காதோ. போன கையோட எல்லாத்தையும் பாத்துரணும்டா."

இதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. கதவு லேசில் திறக்காத வீட்டுக்குள் நுழைந்தவன் அவசர அவசரமாகத்தான் பார்ப்பான். பக்கத்து நாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கப் போகிற ஐரோப்பியப் பையனுக்கு அந்தப் பதற்றம் கிடையாது. ஆனால் அந்தப் பதற்றத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று பார்க்க வேண்டாமா? நாலு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்க அங்கே கிளீனர் அண்ணன் இருக்க மாட்டார். தவிர, 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியர்களுக்கென்று விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் போய் வந்தவர்களுக்கு, பல முறை போய்வரும் இரண்டு வருஷ விசா கிடைக்க வழி இருக்கிறது. ஆக, முதல் தடவை நிதானமாகப் போய் நல்லபடியாகத் திரும்புவதுதான் அடுத்த தடவைக்குப் போடும் முதல்.

என் மாற்றுத் திட்டம் இது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் கிடையாது. இருட்டினால் வண்டி கிடையாது. மூன்று நாளைக்கு ஒரு நாள் வண்டிக்கு லீவு. இரண்டு டிரைவர் கட்டாயம் (நான் கார் லைசென்ஸ் எடுத்துவிடுகிறேன்). நெதர்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க், ஸ்ட்ராஸ்பர்க் வரை போய் ஆற அமரத் திரும்பலாம். நாடு எண்ணியே ஆக வேண்டுமென்றால் அந்த ஷெங்கன் ஊரிலேயே இறங்கி நடக்கலாம். பாலத்தைத் தாண்டினால் ஜெர்மனியின் பெர்ல், பக்கத்திலேயே பிரான்ஸின் அபாக். அரை நாளில் மூன்று நாடு, பெட்ரோல் செலவு பூஜ்யம்.

அதற்கு முன்னால் ஒத்திகையாக இங்கேயே மூன்று மாநிலம் போவோம். நாமக்கல், ஈரோடு, சத்தியமங்கலம், 27 வளைவு திம்பம், மைசூர், குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர் காடு வழியாக வயநாடு, தாமரசேரி சுரம் இறங்கிக் கோழிக்கோடு, பாலக்காடு, கோவை, வீடு. பந்திப்பூரில் 2009லிருந்து இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை ரோடு மூடல். திம்பத்திலும் 2022லிருந்து இரவுத் தடை உண்டு. கிலோமீட்டர் கணக்குக்காரன் அந்த கேட்டில் மாட்டிக்கொண்டு யானையோடு ராத்திரி முழுக்க நிற்பான். நேரக் கணக்குக்காரன் சாயங்காலமே குண்டுலுப்பேட்டையில் ரூம் போட்டுத் தூங்குவான்.

அன்று மாலை கொல்லிமலை இறங்கும்போது, ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி வழி விட்டு, ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, இரண்டாவது கியரிலேயே மெதுவாக வந்தோம். நாற்பதாவது வளைவு பக்கத்தில் அவனே வண்டியை ஓரம் கட்டினான். "அஞ்சு நிமிஷம்டா" என்றான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கீழே காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அஞ்சு நிமிஷம் இருபது நிமிஷம் ஆனது.

நேற்று புது ஷீட் அனுப்பியிருக்கிறான். நாடு ஐந்தாகக் குறைந்திருக்கிறது. தூக்கத்துக்கு இன்னும் காலம் போடவில்லை. பேச்சுவார்த்தை தொடர்கிறது.

டிஸ்கி: வாந்தி எடுத்த இரண்டு பேரின் பெயர் கேட்டு யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். ஒருவன் நான்.